சயாமுக்குப் போனவர் பெயர் ரோமுஷா

போத்தனூர் சந்திப்பில் நள்ளிரவு தாண்டி வண்டிக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் 1711 என்ற எண் எனக்கு நினைவுக்கு வரும். 1921 நவம்பர் 19-ஆம் தேதி இரவு திரூரிலிருந்து புறப்பட்ட ரயிலில் கோத்துவிட்ட ஒரு மூடிய பெட்டியின் எண் அது. மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் நூறு பேரை அதற்குள் திணித்துக் கதவை அடைத்திருந்தார்கள். காற்றுத் துளைகளின் கம்பிவலையில் சாயமும் தூசியும் அடைத்துக் கிடந்தன. ஷொர்ணூரில் வண்டி நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது. உள்ளேயிருந்து கத்தியவர்களுக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போத்தனூர் வந்து சேர்ந்த பிறகுதான் திறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மூச்சுமுட்டி இறந்து கிடந்தார்கள். பிழைத்தவர்களிலும் பலர் அடுத்தடுத்து இறக்க, சாவு எழுபதைத் தொட்டது. பிணங்கள் வந்த வழியே திரூருக்குத் திரும்பின.

அந்தப் பெட்டியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இன்னொரு மூடிய பெட்டியைப் பற்றியும் படிக்க நேர்ந்தது. ஒரு பெட்டியில்லை, நூற்றுக்கணக்கான பெட்டிகள். 1943-ஆம் ஆண்டு, மலாயா. அரிசி மூட்டை ஏற்றுகிற இரும்புப் பெட்டிகளில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஜப்பானிய ராணுவத்தின் வண்டிகள் வடக்கே சயாமை, இன்றைய தாய்லாந்தை, நோக்கிப் போயின. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் போட்ட ரயில்பாதையில் வேலை வாங்கத்தான். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களைக் குறிக்க நான் படித்த ஆங்கில நூல் ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. அதுவும் சாய்ந்த எழுத்தில், வேற்றுமொழிச் சொல் என்று காட்டுவதற்காக. அந்தச் சொல் ரோமுஷா.

முந்நூறு பக்கம் தாண்டியும் அந்த ரோமுஷாக்களில் ஒருவருக்கும் பெயர் வரவில்லை. அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் இருந்தது, படைப்பிரிவு இருந்தது, சொந்த ஊர் இருந்தது, ஊரில் காத்திருந்த மனைவியின் பெயர்கூட இருந்தது. தமிழருக்கு ஒரு ஜப்பானியச் சொல் மட்டும். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த முந்நூறு பக்கம்தான்.

மூன்று எழுத்து

ஜப்பானிய மொழியில் ரோமுஷா என்ற சொல்லை மூன்று சித்திர எழுத்துகளால் எழுதுகிறார்கள். ரோ என்றால் உழைப்பு. மு என்றால் பணி, கடமை. ஷா என்றால் ஆள். பணிக்கு உழைக்கும் ஆள், அவ்வளவுதான். அகராதியில் பார்த்தால் அதில் ரத்தமும் இல்லை, சங்கிலியும் இல்லை. தொழிலாளி என்று நாம் சொல்வது போன்ற சாதாரண அலுவலகச் சொல். ஆள்கணக்குப் பதிவேட்டில் எழுதுவதற்கென்றே பிறந்தது போல இருக்கும். போருக்கு முன்பே ஜப்பானில் புழங்கியது. கொரியாவிலிருந்து சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுபோனவர்களையும் இதே சொல்லால்தான் குறித்தார்கள்.

1942-இல் ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்தபோது படையோடு சேர்ந்து இந்தச் சொல்லும் இறங்கியது. ஜாவாவில் லட்சக்கணக்கான விவசாயிகள் ரோமுஷா ஆனார்கள். அவர்களில் பெருந்தொகையினரைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். இந்தோனேசியாவில் இன்றும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பர்மாவில் அதே வேலைக்கு ஆள் திரட்டியபோது வியர்வைப் படை என்று பெயர் வைத்தார்கள். படை என்று சொன்னால் கூலி என்ற கூச்சம் போய்விடும் என்று எண்ணினார்கள் போலும். இந்தோனேசிய நினைவிலிருந்தும் ஜப்பானிய ராணுவக் காகிதங்களிலிருந்தும் ரோமுஷா ஆங்கில வரலாற்று நூல்களுக்கு வந்து சேர்ந்தது. வந்தபோது அகராதிப் பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டது. ஆங்கிலத்தில் ரோமுஷா என்றால் இன்று தொழிலாளி என்று பொருளில்லை. ஜப்பானிய ராணுவம் பிடித்துப்போய் வேலை வாங்கிய ஆசியன் என்று பொருள். ஜப்பானிலேயே இப்போது தொழிலாளியைச் சொல்ல ரோதோஷா என்ற வேறு சொல்லைத்தான் விரும்புகிறார்கள். ரோமுஷாவில் ஏதோ ஒரு இழிவு ஒட்டிக்கொண்டதாக நினைக்கிறார்கள்.

அந்தப் போர்க்காலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வேறு ஜப்பானியச் சொற்களும் போயின. ஹான்ச்சோ என்பது ஒன்று. ஹான் என்றால் குழு, ச்சோ என்றால் தலைவன். சிறைமுகாம்களில் வேலைக் குழுவை நடத்துபவனுக்கு அந்தப் பெயர். போர் முடிந்த பின் ஜப்பானிலும் கொரியாவிலும் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று அமெரிக்க ஆங்கிலத்தில் பெரிய கம்பெனியின் மேலதிகாரியைச் செல்லமாக ஹான்ச்சோ என்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அது ஜப்பானியம் என்பதே தெரியாது, ஸ்பானிஷ் என்று நினைக்கிறார்கள். எதிர்த்திசையில் போய்த் திரும்பிய சொல்லும் உண்டு. வேகத்தைக் குறிக்கும் ஸ்பீட் என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியக் காவலர்கள் தங்கள் நாக்குக்கேற்ப ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்று கத்தி வேலை வாங்கினார்கள். 1943-இன் அந்தக் கொடிய மாதங்களையே கைதிகள் ஸ்பீடோ காலம் என்று எழுதிவைத்தார்கள். வேலை வாங்கியவனின் பெயர் அலுவலகங்களில் சிரிப்போடு வாழ்கிறது. வேலை செய்து செத்தவனின் பெயர் வரலாற்று நூல்களைத் தாண்டவில்லை.

கூலி என்ற நம் சொல்

ரோமுஷா ஆவதற்கு முன் அந்தத் தமிழருக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. அது நம் சொல்.

கூலி என்பது தமிழில் முதலில் ஆளைக் குறித்ததில்லை. உழைப்புக்குக் கிடைப்பதைக் குறித்தது. முயற்சி தரும் பயனைச் சொல்லவந்த வள்ளுவர் எடுத்துக்கொண்ட சொல்லும் அதுதான். ஆங்கிலத்தின் ‘கூலி’ எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கருத்து உண்டு. குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். தமிழின் கூலியிலிருந்து வந்தது என்பார் மறு சாரார். இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியானாலும் ஐரோப்பியர் கையில் போனதும் சம்பளத்தின் பெயர் ஆளின் பெயராக மாறிவிட்டது. சீனர்கள் அந்த ஒலியை எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துகளுக்குக் ‘கசந்த வலிமை’ என்று பொருள் வரும். ஜப்பானியருக்கும் கூரி என்ற வடிவில் அது தெரிந்திருந்தது. ஒரு கூலித் தமிழனை ஜப்பானியன் ரோமுஷா என்று எழுதிக்கொண்டபோது நடந்தது பெயர்ப்பலகை மாற்றம் மட்டும்தான். இரண்டு சொல்லிலும் அவன் யார், எந்த ஊர், யாருடைய மகன் என்பது கிடையாது.

நம் பக்கத்துக்கு இது அந்நியமான கதையன்று. கங்காணிகள் மலாயாவுக்கு ஆள் கூட்டிப்போன வட்டாரங்களில் திருச்சி, தஞ்சை, ஆற்காடு மாவட்டங்களோடு அன்றைய சேலம் மாவட்டமும் முக்கியமானது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் இருந்தது. கொங்குச் சீமையின் கிழக்கு ஓரம் முழுக்க மழை பொய்த்த வருஷங்களில் தோட்டங்காட்டை விட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. ரயிலேறி, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் காத்திருந்து, அம்மை குத்திக்கொண்டு, கப்பலேறி, பினாங்கில் இறங்குவார்கள். பிறகு தோட்டத்து லயத்தில் ஒரு அறை, விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, கையில் பால் வெட்டும் உளி. இந்திய அரசு 1938-இல் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடைசெய்தது. அதற்குள் லட்சக்கணக்கான தமிழர்கள் அங்கே வேர்விட்டிருந்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. தோட்டத்துத் துரைகள் ஓடிப்போனார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. பர்மா அரிசி வரத்து நின்றது. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளியுமே சாப்பாடு. துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். வாழைமரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டு கையில் இருந்தும் அதற்கு மதிப்பில்லை. அந்தப் பட்டினிக்கு நடுவேதான் சயாமில் வேலை இருக்கிறது என்ற சேதி வந்தது. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், சாப்பாடு உண்டு என்றார்கள். முதலில் நம்பிப் போனவர்கள் இருந்தார்கள். குடும்பத்தோடு போனவர்களும் இருந்தார்கள்.

போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராமல் போகவே ஆள் கிடைப்பது நின்றது. பிறகு பிடித்துப் போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வைத்தார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியும் கங்காணியும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடி. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, உள்ளே வந்ததும் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதையை மலேசியத் தமிழர்களில் பல குடும்பங்கள் சொல்கின்றன. சந்தைக்குப் போனவர், மருந்து வாங்கப் போனவர், அப்படியே போனார். லயத்துக் கதவு திறந்தே கிடந்தது.

நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்

ஜப்பானுக்கு அந்த ரயில்பாதை ஏன் தேவைப்பட்டது? பர்மாவைப் பிடித்தாயிற்று, அடுத்து இந்தியா. பர்மாவில் இருக்கும் படைக்குச் சோறும் குண்டும் போக வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் போகும் கப்பல்களை நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. தரை வழியே பாதை போட்டால் அந்த ஆபத்து இல்லை. பிரிட்டிஷார் அதே வழியை வெகுகாலம் முன்பே ஆராய்ந்து, காடும் மலையும் காய்ச்சலும் மழையும் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள்.

சயாமின் பான்போங் அருகே நாங் பிளாடுக் என்ற இடத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலில் ஏறினால் ஈரோட்டைத் தாண்டுகிற தூரம். நம் பாதையை 1853-இல் தொடங்கினார்கள்; ராயபுரத்திலிருந்து கிளம்பிப் போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட 1862 ஆயிற்று, சமதரைக்கே ஒன்பது வருஷம். ஜப்பானியர் அந்தக் காட்டுப் பாதையை 1942 நடுவில் இரண்டு முனையிலும் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் கொங்கோய்டா என்ற இடத்தில் இணைத்தார்கள். பாறையைப் பிளக்க உளியும் சுத்தியலும் கொஞ்சம் வெடியும். மண் சுமக்கக் கூடையும், இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டிய சாக்கும். மரப் பாலங்களுக்கு யானையும் மனிதனும்.

தண்டவாளங்கள் எங்கிருந்து வந்தன என்பதை ரயில்காரர்கள் கவனிக்க வேண்டும். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சயாமிலும் பர்மாவிலும் ஒரே மீட்டர் கேஜ். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போன பழைய பாதையின் அகலமும் அதுதான். அந்தக் குறும்பாதை வண்டியில் போய்வந்தவர்களுக்கு அந்த இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே எவ்வளவு இடம் என்பது கண்ணளவில் தெரியும். அவ்வளவு இடத்துக்குள் எத்தனை உயிர் போயிற்று என்று என்னால் எண்ணிப்பார்க்க முடிவதில்லை.

மலாயாவிலிருந்து பான்போங் வரை நாலைந்து நாள் பயணம். பகலில் அடுப்பு, இரவில் குளிர். உட்கார இடமில்லை. கழிவுக்கு வழியில்லை. வண்டி நின்றபோது கிடைத்த தண்ணீர்தான் தண்ணீர். பான்போங்கில் இறக்கிய பிறகு நடை. சிலர் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் காட்டுக்குள் நடந்தார்கள், அதுவும் மழைக்காலத்தில், சேற்றில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

மழையோடு காலரா வந்தது. 1943 மே மாதம் மேல்நிலை முகாம்களில் தொடங்கி ஆற்றோடு கீழே இறங்கியது. ஆற்றில்தான் குடித்தார்கள், ஆற்றில்தான் எல்லாம் கலந்தது. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, சிறு கீறல் அழுகி எலும்பு தெரிகிற வெப்பமண்டலப் புண் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. காலரா கண்டவர்களை உயிர் முழுதாகப் போகும் முன்பே குழிக்கும் தீக்கும் கொடுத்ததைத் தப்பி வந்தவர்கள் வயதான காலத்திலும் உடம்பு நடுங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஐந்தில் ஒருவர். மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 78,000 என்பதும், அவர்களில் கிட்டத்தட்ட 30,000 பேர் இறந்தார்கள் என்பதும் போருக்குப் பின் பிரிட்டிஷார் போட்ட கணக்கு. ஓடிப்போனவர்கள் என்று இன்னும் இருபதாயிரத்துக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காட்டில் ஓடி எங்கே போவது? பர்மியர், ஜாவாக்காரர், சீனர் எல்லோரையும் சேர்த்தால் ஆசியச் சாவு தொண்ணூறாயிரத்துக்குக் குறையாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்கு மேலே போகிற மதிப்பீடுகளும் உண்டு.

வெள்ளைக்காரன் ஐந்தில் ஒருவனாகச் செத்தபோது தமிழன் பத்தில் நாலு பேராக ஏன் செத்தான்? உடல்வலு இதற்குக் காரணமில்லை. கைதிகள் ஒரு படையாகப் பிடிபட்டவர்கள். அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கழிவுக்குழி எங்கே வெட்டுவது, தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது, நோயாளியைத் தனியே வைக்க வேண்டும் என்று சொல்லவும், சொன்னதைக் கேட்கவைக்கவும் ஒரு கட்டு இருந்தது. தோட்டத்திலிருந்து அள்ளிவந்த ஆட்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் எந்தத் தோட்டம் என்பதே தெரியாது. டாக்டர் இல்லை, ஜப்பானியனிடம் பேச ஒரு வாய் இல்லை. சாவு கைமீறிப் போன பிறகுதான் கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைப் பிரித்துக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள்; கே படை, எல் படை என்று அவற்றுக்குப் பெயர். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில்தான் தமிழர்களின் கடைசி நாட்கள் கொஞ்சமாவது பதிவாகியிருக்கின்றன. எழுதியவர்கள் நோயைக் குறித்தார்கள், எண்ணிக்கையைக் குறித்தார்கள். பாஷை தெரியாத அந்த மருத்துவர்களால் பெயரைக் குறிக்க முடியவில்லை. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஒரே வாரத்தில்

1943 அக்டோபர் 17: பாதையின் இரு முனைகளும் சேர்ந்தன. அக்டோபர் 25: திறப்பு விழா, மாலை போட்ட எஞ்சின். இந்த இரண்டுக்கும் நடுவே, சரியாக நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். கேட்ட கூட்டத்தில் தமிழர்கள் ஏராளம். அவருடைய படையில் சேர்ந்தவர்களிலும், ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்களிலும் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். தாலியைக் கழற்றிக் கொடுத்தவர்களை இன்றும் நெகிழ்ச்சியோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இந்த இரண்டு கதையையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு வரவில்லை. ஜப்பான் நேதாஜிக்குத் தோள்கொடுத்த நாடு என்ற நினைவு தமிழ்நாட்டில் வலுவாக இருக்கிறது. அதே ஜப்பான் அதே வாரத்தில் அதே தோட்டத்து ஆட்களைக் காட்டில் புதைத்துக்கொண்டிருந்தது என்பதை அந்த நினைவுக்குப் பக்கத்தில் வைக்கக் கை வரவில்லை. சயாமுக்குப் போவதிலிருந்து தப்பிக்கப் படையில் சேர்ந்த இளைஞர்கள் உண்டு. பர்மா போர்முனைக்குப் போன படையினர் அந்தப் பாதை வழியாகவே போனார்கள். அண்ணன் சீருடையில் ரயிலில் போக, தம்பி பாதையோரக் கொட்டகையில் கிடந்திருக்கலாம். நேதாஜியின் பெருமை இதனால் குறையாது என்பது என் நம்பிக்கை. சயாமில் செத்தவர்களைப் பேசாமல் விட்டதற்கு அந்தப் பெருமையைக் காரணம் காட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

போருக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நம்மவருக்கென்று நடந்தது குறைவு. ஜப்பானிய, கொரியக் காவலர்களும் அதிகாரிகளும் விசாரணைக்கு உள்ளானார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். சயாம் பகுதிப் பாதையை 1946-இல் தாய்லாந்து அரசு 12.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. தண்டவாளமும் தளவாடமும் பறிகொடுத்த பக்கத்து நாடுகளுக்கு அந்தப் பணம் ஈடாகப் போயிற்று. பெயர்த்த இரும்புக்கு விலை கிடைத்தது. கைதிகளுக்குப் பிற்பாடு சமாதான உடன்படிக்கை வழியாக ஒரு தொகை கிடைத்தது. சயாமுக்குப் புருஷனை அனுப்பிய தோட்டத்துப் பெண் விடியற்காலையில் மறுபடி பெரட்டுக்குப் போய் நின்றாள்.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரம் பேருக்குப் புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்த கல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றும் வந்து அந்தக் கல்லைத் தொட்டுப்பார்க்கிறார்கள். உலகம் அந்தப் பாதையைத் தெரிந்துகொண்டது 1957-இல் வந்த குவாய் நதிப் பாலத் திரைப்படத்தால். அதை எடுத்த இடம் இலங்கையின் கித்துள்கல. களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி, ரயிலோடு வெடிவைத்துச் சாய்த்தார்கள். இலங்கையில் எடுத்த அந்தப் படத்தில் மலாயாத் தமிழனுக்குக் கதையில்லை. படம் பார்த்த உலகம் அதை வெள்ளைக்காரக் கைதிகளின் பாலம் என்றே நினைத்துக்கொண்டது.

எஞ்சினுக்குக்கூட முகவரி இருக்கிறது. திறப்பு விழாவில் ஓடிய சி56 ரக எஞ்சின், எண் 31, தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. செத்த தமிழர்களுக்கு முதலில் கல் நட்டவர்களும், விந்தையாக, ஜப்பானிய ராணுவத்தாரே. 1944-இல் காஞ்சனபுரியில் அவர்கள் எழுப்பிய நினைவுத் தூணின் கல்வெட்டுகளில் பிற மொழிகளோடு தமிழும் இருக்கிறது. கொன்றவர்கள் வைத்த அந்தக் கல்லுக்குப் பிறகு நெடுங்காலம் யாரும் எதுவும் வைக்கவில்லை. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நமக்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். ஆர். சண்முகம் சயாம் மரண ரயிலை நாவலாக எழுதினார். அ. ரெங்கசாமியும் ‘நினைவுச் சின்னம்’ என்ற நாவலில் அதே காட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போனார். ஆங்கில நூல்கள் ரோமுஷா என்று நிறுத்திக்கொண்ட இடத்தில் இந்த நாவல்கள் ஆட்களுக்குப் பெயர் வைத்தன. தோட்டத்து மனிதர்கள் பெயரோடும் பேச்சோடும் கோபத்தோடும் நடமாடுகிறார்கள். தமிழ்நாட்டு நூலகங்களில் இவை எத்தனை கைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2023 மே முதல் நாள், உழைப்பாளர் தினத்தன்று, காஞ்சனபுரியின் புத்த விகாரை ஒன்றில் அந்தத் தமிழர்களுக்கு நடுகல் வைத்தார்கள். தாய்லாந்து, மலேசியத் தமிழர்களின் முயற்சி. தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. நடுகல் என்று அவர்கள் பெயரிட்டதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கொங்குநாட்டில் நடந்தவருக்குத் தெரியும், இங்கே ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் வீரக்கல்லை. மாடு மீட்டுச் செத்தவன், புலி குத்திச் செத்தவன் என்று ஊர்க்காவலில் விழுந்த சாதாரண ஆட்களுக்கு வைத்த கல் அது. எழுத்துள்ள கல்லில் இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன சண்டையில் பட்டான் என்று இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன் புலியோடு மல்லுக்கட்டிய ஒரு கொங்குக் குடியானவனின் பெயரை என்னால் இன்று படிக்க முடிகிறது. எண்பது வருஷத்துக்கு முன் சயாமில் விழுந்தவர்களின் பெயரைப் படிக்க வழியில்லை.

பெயர்கள் முழுதாக அழிந்துவிட்டன என்று நான் நினைக்கவில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளில் தகரப்பெட்டிக்குள் மலாயா தபால்தலை ஒட்டிய கடுதாசிகள் இன்னும் கிடக்கலாம். மாமா, சித்தப்பா, பெரிய பாட்டன் என்று யாரோ ஒருவர் எழுதியது. 1941-க்குப் பிறகு வந்த கடுதாசி அந்தக் கட்டில் இருக்காது, தபால் நின்றுபோன வருஷம் அது. கடைசிக் கடுதாசியின் ஓரத்தில் எழுதியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். எடைக்குப் போடும் முன் அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.